பாரம் இறங்கும் சத்தம்

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்த பெண்ணுக்குத் தெரு வைத்த பெயர் ஃபியூஸ். அவள் தன்னுடைய ஸ்பீக்கர், புரொஜெக்டர் பெட்டிகளையெல்லாம் ஒன்றாகச் செருகி ஓடவிடும்போது கட்டடம் முழுக்க மின்சாரம் போய்விடும். கீழே என் பட்டறையில் ரம்பம் பாதிப் பலகையில் சிக்கி நிற்கும். நடுமாடிக்காரர் பால்கனிக்கு வந்து, “ஃபியூஸ் போச்சு!” என்று கத்துவார். மேலிருந்து அவள் தலையை நீட்டி, “எங்கயும் போகலைங்க, இங்கதான் இருக்கேன்” என்பாள். சண்டை போட வந்த மனுஷன் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

நான் தச்சன். அலமாரி, கட்டில், கடைகளுக்கு மேசை என்று செய்துகொண்டிருந்தவனைத் தன் வேலைக்குள் இழுத்துவிட்டவள் அவள்தான். முதலில் ஸ்பீக்கர் வைக்க ஒரு பெட்டி கேட்டாள். பிறகு தடுப்புச் சுவர். பிறகு ஒரு அறையையே கேட்டாள். அவள் செய்வதை என்னவென்று சொல்வதென்று எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. பாட்டு என்றால் அதில் பாடுகிற ஆள் இல்லை. படம் என்றால் அதில் கதை இல்லை. எங்கெங்கோ பிடித்து வந்த ஓசைகளைக் கம்ப்யூட்டரில் போட்டு வெட்டுவாள், இழுப்பாள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவாள். அந்த ஓசைக்குத் தக்கபடி நான்கு சுவரிலும் படங்கள் ஓடும். ஆட்கள் அந்த இருட்டறைக்குள் போய் நடுவில் நிற்க வேண்டும். நாற்காலி கிடையாது. பார்ப்பதா கேட்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழிப்பார்கள். அப்புறம் அப்படியே நின்றுவிடுவார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

அவளுடைய அம்மா மட்டும் மசியவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தச் சலவை இயந்திரங்கள் சுழலும் ஓசையை வைத்தே ஃபியூஸ் முன்பு ஒரு அறை செய்திருந்தாள். அம்மாவை அழைத்துப்போய் நடுவில் நிறுத்தினாள். ஓசை ஏறி ஏறி, வெள்ளை விரிப்புகள் சுவரெல்லாம் புரண்டு, பார்க்க வந்த ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா வெளியே வந்து, “ஆயுசு பூரா இந்த இரைச்சலைக் கேட்டுத்தான் காது பாதி போச்சு. மறுபடி நின்னு வேற கேக்கணுமாடி?” என்றார். ஃபியூஸ் அந்தப் பேச்சைத் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வீட்டில் அம்மா, ஃபியூஸ், அவள் தம்பி. அப்பா பிள்ளைகள் சிறுசாக இருந்தபோதே இறந்துவிட்டார். அந்த வீட்டுக்கு நான் செய்துகொடுத்த சாமான் எதிலும் முனை இருக்காது. கட்டில் தரையோடு தரையாக இருக்க வேண்டும். மேசையின் மூலையெல்லாம் உருண்டிருக்க வேண்டும். “ஏம்மா, வீட்டுல தவழுற குழந்தையா இருக்கு?” என்று கேட்டேன். “வயசாகுதில்லப்பா, நான் இடிச்சுக்குவேன்” என்றார் அம்மா. நானும் நம்பி இழைத்துக் கொடுத்தேன்.

தம்பி சரக்கு யார்டில் கிரேன் ஓட்டினான். உயரத்தில் தொங்குகிற கண்ணாடி கேபினுக்குள் உட்கார்ந்து, கீழே கிடக்கும் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியிலும் ரயிலிலும் அடுக்குகிற வேலை. அதிகம் பேசமாட்டான். வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மலரும். “பெட்டி தரையைத் தொடுற சத்தம் கேக்கக் கூடாதுண்ணே. தூங்குற பிள்ளையைக் கட்டில்ல போடுற மாதிரி போடணும். டமார்னு போடுறவன்லாம் கிரேன்காரனே இல்லை” என்பான்.

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் ஃபியூசுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. பழைய கிடங்கு ஒன்றைக் கண்காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். அதன் பெரிய கூடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் தம்பியின் கிரேனை எடுத்துக்கொண்டாள். யார்டில் அனுமதி வாங்கி, மைக்கும் கேமராவுமாக அந்த இரும்பு ஏணியில் ஏறி இறங்கினாள். வடம் சுற்றும் முனகல், கொக்கி ஆடும் கிணுகிணுப்பு, எச்சரிக்கை மணி, கேபினுக்குள் காற்று ஊதுவது. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அவளுடைய வீட்டில் இடம் போதாமல் என் பட்டறையின் பின்பக்கத்தில் மேசை போட்டுக்கொண்டாள். நான் பலகை அறுக்காத நேரமாகப் பார்த்து ஓசைகளை ஓடவிடுவாள். வேலை விட்டு வருகிற தம்பி அங்கேயே ஒரு பலகைக் கட்டின்மேல் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்பான்.

ஒருநாள், “அக்கா, நான் பெட்டி வைக்கிற சத்தம் எங்க?” என்றான்.

“நீ வைக்கிறப்பதான் சத்தமே வரலையேடா. பக்கத்து கிரேன்காரர் வைக்கிறதை எடுத்துக்கிட்டேன்.”

“அவனா? அவன் வைக்கிறதா அது? அவன் போடுறதை என் பேர்ல போடாத. மானம் போயிரும்.”

“யாருக்குடா தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்ல?”

அவள் சிரித்துக்கொண்டே அந்த ஓசையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாத வெறுமையை வைத்தாள். எல்லா இரைச்சலும் ஏறிக்கொண்டே போய், பெட்டி தரையைத் தொடுகிற இடத்தில் சட்டென்று அமைதி. கேட்டபோது நான் கையிலிருந்த உளியை ஓசைப்படாமல் கீழே வைத்தேன். அந்த அறைக்கு ‘பாரம் இறங்கும் சத்தம்’ என்று பெயர் வைத்தாள்.

படத்தில் ஒரு இடம் உண்டு. சாயங்காலத்தில் கிரேன் தண்டவாளத்தில் நகரும்போது, தாழ்ந்த வெயில் இரும்புச் சட்டங்களின் நடுவே புகுந்து கேபினுக்குள் விட்டு விட்டு அடிக்கும். வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல். அந்த நேரத்தில் தம்பி தொப்பியைக் கீழே இழுத்துவிட்டு, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓட்டுவான். பாரமோ அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தையே அறை முழுக்க அடிக்கவிடப் போவதாகச் சொன்னாள்.

“கண்ணு கூசாதா?” என்றேன்.

“கூசணும்ணே. இவன் தினமும் அதுக்குள்ளதானே ஓட்டுறான். கீழ நின்னு அண்ணாந்து பாக்குறவனுக்கு அது தெரியவே தெரியாது.”

தம்பி தேநீர்க் குவளைக்குள் பார்த்தபடி, “போடுக்கா” என்றான். பிறகு, “நல்லாத்தான் இருக்கு, போடு” என்றான்.

“ஆனா நீ வரக் கூடாது. தெரியும்ல?”

“தெரியும்.”

“கதவுல எழுதியே ஒட்டப்போறேன். திறப்பு விழா முடியட்டும், லைட்டை மட்டும் நிறுத்திட்டு உனக்குத் தனியா காட்டுறேன்.”

“அன்னைக்கு எனக்கு டூட்டிதான். நான் எங்க வரப்போறேன்?”

சொந்தத் தம்பியை ஏன் வர வேண்டாம் என்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவன் போன பிறகு கேட்டேன். “அவனுக்கு இருட்டு ஒத்துக்காதுண்ணே” என்றாள். யார்டில் ராத்திரி டூட்டியும் பார்க்கிறவனுக்கு இருட்டு ஒத்துக்காதா என்று நினைத்துக்கொண்டேன். 

அப்போது தம்பிக்குப் பெண் பேசி நிச்சயம் முடிந்திருந்தது. பெண் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலையில் இருந்தாள். சிரித்த முகம், வெடுக்கென்ற பேச்சு. அவளுடைய அப்பா பேருந்தில் டிக்கெட் செக்கர். ஒரே மகள், தாயில்லாத பிள்ளை. மாப்பிள்ளை மேல் செக்கருக்கு ஒரே பெருமை. “எங்க மாப்பிள்ளை ஆகாசத்துல உக்காந்து வேலை பாக்குறவரு” என்று பேருந்தில் பயணிகளிடம்கூடச் சொல்வாராம். அந்தக் கிரேனே இப்போது கண்காட்சிக்கு வருகிறது என்றதும் மனுஷன் தரையில் நிற்கவில்லை. மாப்பிள்ளை இல்லாமல் அதைப் பார்ப்பதா? யார்டு சூப்பர்வைசர் அவருக்குத் தெரிந்தவர். யாருக்கும் சொல்லாமல் அவரிடம் பேசி மாப்பிள்ளையின் டூட்டியில் பாதியை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டு, அன்று நேரே யார்டு வாசலுக்கே மகளோடு போய் நின்றுவிட்டார்.

திறப்பு விழாவன்று பிற்பகலிலிருந்து மழை. ஈரத்தில் ப்ளைவுட் உப்பிக்கொண்டு கதவுச் சட்டத்தில் பிடித்தது. நான் இழைப்புளியோடு அதைச் சரிசெய்துவிட்டு, நுழைவில் தொங்கிய கனத்த கறுப்புத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் உள்ளே போகாதபடி ஆட்களைச் சிறு சிறு கூட்டமாக விடச் சொல்லியிருந்தாள். அவள் உள்ளே, ஒரு மறைப்புக்குப் பின்னால், கம்ப்யூட்டர் முன்பு இருந்தாள். அங்கிருந்து சுவர்கள் தெரியும், நிற்கிற ஆட்கள் தெரியமாட்டார்கள். அம்மா வெளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

குடையை உதறிக்கொண்டு செக்கர் வந்தார். பின்னால் பெண். அவளுக்குப் பின்னால், சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, தம்பி.

அம்மா எழுந்தே விட்டார். “உனக்கு டூட்டி இல்லையா?”

“நான்தான் மாத்தி வச்சேன் சம்பந்தி! எப்படி?” என்று செக்கர் சிரித்தார். “தாலி கட்டாத கல்யாணம் மாதிரி, கிரேன்காரன் இல்லாம கிரேனைப் பாக்குறதா?”

“உள்ள ஒரே புழுக்கம். அவன் களைச்சு வந்திருக்கான். இப்படி உக்காரட்டும், நீங்க போயிட்டு வாங்க.”

“என்ன அத்தை, இவரு பாக்காமயா?” என்றாள் பெண். “உங்க பிள்ளை என்ன சக்கரைக் கட்டியா, புழுக்கத்துல கரைஞ்சு போக?”

செக்கர் உரக்கச் சிரித்தார். அம்மா மகனின் ஈரச் சட்டைக் கையைப் பிடித்து, பிறகு விட்டுவிட்டார். நான் திரையருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதவில் ஃபியூஸ் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பெண் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தாள்: “‘உள்ளே விட்டு விட்டு வெளிச்சம் அடிக்கும். வலிப்பு நோய் உள்ளவர்கள் தயவுசெய்து உள்ளே வர வேண்டாம்.’ அட, இதெல்லாம்கூடப் போடுறாங்களா?”

தம்பி அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

“என்ன, பயமா?”

“நமக்கென்ன?” என்றான் அவன்.

நான் திரையைத் தூக்கிப் பிடித்தேன். என்னைக் கடந்து போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான். மூவரும் உள்ளே போனார்கள். அம்மா பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து, கையிலிருந்த பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

உள்ளே நடந்ததைப் பின்னால் அந்தப் பெண் சொல்லித்தான் தெரியும். வெளிச்சம் விட்டு விட்டு அடிக்கத் தொடங்கியதும் அவன் தலையைக் குனிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டானாம். வேலைக் களைப்பு, தூங்கி வழிகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் முழங்கையைப் பிடித்து உலுக்கி, காதோரம் குனிந்து, “கண்ணைத் தொறந்து பாருங்க, உங்க கிரேன்தான்” என்றாள். அவன் திறந்தான்.

திரைக்கு வெளியே எனக்கு ஓசை ஏறிக்கொண்டே போவது கேட்டது. பிறகு அந்த அமைதி வந்தது. பெட்டி தரையைத் தொடுகிற இடம். அந்த அமைதியில் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. அது ஃபியூஸ் அடுக்கியதில் இல்லாத ஓசை என்பது எனக்குத் தெரியும். நான் உள்ளே ஓடினேன்.

நின்றிருந்தவர்கள் வட்டமாக விலகி இடம் விட்டிருந்தார்கள். அதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் தலையைச் சாய்த்து ரசித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் வரும்போது தம்பி தரையில் வெட்டிக்கொண்டு கிடந்தது தெரிந்தது, போனபோது ஒன்றும் தெரியவில்லை, வந்தபோது மறுபடி தெரிந்தது. ஸ்பீக்கருக்கு நான் செய்த பெட்டியின் முனையில் தலை மோதியிருந்தது. வீட்டுச் சாமானுக்கு உருட்டியதுபோல் அதை நான் உருட்டவில்லை, யாரும் சொல்லவில்லை.

“லைட்டை நிறுத்து!” என்று கத்தினேன். “எல்லாத்தையும் நிறுத்தும்மா!”

கூடத்தின் விளக்குகள் எரிந்தன. ஃபியூஸ் மறைப்பிலிருந்து வெளியே வந்தாள். ஏதோ மின்கசிவு என்று நினைத்துக்கொண்டு வந்தவள், பார்த்தாள். அவள் கத்தவில்லை. ஓடிவந்து முழங்காலிட்டு, அவனை ஒருக்களித்துச் சாய்த்து, தன் உள்ளங்கையைத் தலைக்கு அடியில் கொடுத்து, மறுகையால் கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினாள். “கையைப் பிடிக்காதீங்க, வாயில ஒண்ணும் வைக்காதீங்க, விடுங்க” என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னாள். செக்கர் நீட்டிய சாவிக்கொத்தைத் தட்டிவிட்டாள்.

அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்று, அந்தக் கைகளின் பழக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மழை விட்டு, தாழ்வாரம் முழுக்க ஈரச் செருப்புத் தடங்கள். தலையில் கட்டோடு அவன் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தான். வாசலில் அம்மாவும் ஃபியூசும். நான் பிளாஸ்கில் கொண்டுபோன தேநீரை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் செக்கரும் மகளும் வந்தார்கள். முன்னாள் முதலாளியைப் பார்த்ததுபோல அம்மா எழுந்து நின்றார்.

“எப்போலேர்ந்து இருக்கு?” என்று பெண் கேட்டாள்.

“சின்ன வயசுல வந்தது” என்றார் அம்மா. “மாத்திரையில நின்னு போச்சு. வருஷக்கணக்கா ஒண்ணும் இல்லைம்மா. சத்தியமா ஒண்ணும் இல்லை.”

“மாத்திரை இப்பவும் சாப்பிடுறாரா?”

“சாப்பிடுறான். வெளிய தெரியாம என்னோட எலும்பு மாத்திரை டப்பாவுல போட்டு வச்சிருப்பேன்.”

செக்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சம்பந்தி. வாசல்ல நின்னு கேட்டேனே. அப்பகூடச் சொல்லியிருக்கலாமே” என்றார்.

“சொன்னா குடுப்பீங்களா பொண்ணை?”

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“எனக்கு வலிப்புன்னா பயம் இல்லை அத்தை” என்றாள் பெண். “கடைக்கு எத்தனையோ பேரு வர்றாங்க. ஒரு கண்ணே இல்லாதவங்க வர்றாங்க. சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன், அழுதிருப்பேன், அப்புறம் சரின்னுதான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். தெரியலை. ஆனா கண்ணைத் தொறங்கன்னு சொன்னது நான். உலுக்கி உலுக்கிச் சொன்னேன். என் வாயால அதைச் சொல்ல வச்சுட்டீங்களே.”

“அம்மாடி...”

“அண்ணி, நீங்க எழுதி ஒட்டினீங்க. ஊருக்கெல்லாம் எழுதி ஒட்டினீங்க. எனக்குச் சொல்லலை.”

பெண் உள்ளே போய்க் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றாள். அவன் விழித்திருந்தானா என்று தெரியாது. வெளியே வந்து அப்பாவின் தோளைத் தொட்டாள். இருவரும் போனார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவில்லை.

யாரோ செல்போனில் பிடித்த படம் அதற்குள் ஊரெல்லாம் சுற்றியிருந்தது. யார்டிலும் பார்த்தார்கள். தம்பி வீட்டுக்கு வந்த பிறகு சூப்பர்வைசர் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தார். நல்ல மனுஷன். மேல்மாடிக்கு ஏறும்போது என் பட்டறையில் நின்று, “எப்படிச் சொல்றதுன்னு தெரியலையே” என்று என்னிடமே கேட்டார். மேலே போய், “நீ வைக்கிற மாதிரி பெட்டி வைக்க ஆள் இல்லைப்பா. ஆனா கீழ என் பசங்க நடக்குறாங்க. கொக்கிக்குக் கீழேயே நடக்குறாங்க” என்றாராம். தம்பி தலையை ஆட்டினானாம். அதற்கு யார்தான் என்ன சொல்ல முடியும்? கீழே வேறு ஏதாவது வேலை போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

கண்காட்சிப் பொறுப்பாளரும் வந்தார். கூட்டம் முன்னைவிட அதிகமாக வருகிறதாம், அறை ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்கிறார்களாம். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுத் திறக்கலாமே என்றார். ஃபியூஸ் என்னைக் கூப்பிட்டாள். இருவருமாகப் போய் எல்லாவற்றையும் கழற்றினோம். அவள் திருப்புளியால் ஒவ்வொரு திருகாகச் சுற்றினாள். நான் கழற்றிய பலகைகளைச் சாய்த்து வைத்தேன். ஸ்பீக்கர் பெட்டியின் முனையில் கறை இருந்தது. அவள் அதைத் தன் துப்பட்டாவில் துடைத்தாள். போகவில்லை. அப்படியே வண்டியில் ஏற்றினோம்.

பல வருஷமாக அடங்கிக் கிடந்த வலிப்பு இப்போது அடங்க மறுத்தது. மருந்தை மாற்றினார்கள், கூட்டினார்கள். அவனுக்குத் தலை சுற்றியது, பேச்சு இழுத்தது, ஆனாலும் வாரத்தில் ஒருநாள் விழுந்தான். குளியலறையில் விழுந்தபோது தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்ததால் கதவை உடைக்க வேண்டியதாயிற்று. தாழ்ப்பாளே இல்லாத கதவு போட்டுத் தரச் சொல்லி அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் கீலைப் பொருத்திக்கொண்டிருந்தபோது அடுப்படியில் அம்மாவும் மகளும் பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது. அம்மா அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார்.

“அந்த வெளிச்சத்துல வலிப்பு வந்துரக் கூடாதுன்னு அவன் ஊரறியாம ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஓட்டினான்” என்றார் அம்மா. “அந்த ஒரு கண்ணை நீ நாலு சுவத்துலயும் பெருசாப் போட்டுக் காட்டினியே. அது என்னன்னு உனக்குத் தெரியாது?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா போட்ட?”

“தெரிஞ்சதாலதாம்மா போட்டேன். அவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டு ஒருத்தன் இவ்வளவு அழகா ஒரு வேலையைச் செய்யுறான். அதை யாருமே பாக்கலையேன்னு இருந்துச்சு. பாக்குறவங்களுக்குப் புரியாது, அது வெறும் வெளிச்சம்தான்னு நினைச்சேன்.”

“உனக்கு எல்லாமே வெளிச்சமும் சத்தமும்தான். நான் துவைச்ச துணியும் சத்தம். அவன் வியாதியும் வெளிச்சம்.”

“மறைக்கச் சொன்னது யாரு?”

கரண்டி நின்றது.

“யாரும்மா மறைக்கச் சொன்னது? ‘வெளிய சொன்னா அவ்வளவுதான்’னு அவன் தூக்கத்துலயும் காதுல ஓதினது யாரு? வாசல்லயே உக்காந்திருந்தியே. ‘உள்ள போகாதடா, உனக்கு ஆகாது’ன்னு அந்தாளு முன்னாடி நாலு வார்த்தை சொல்ல முடியலையா உனக்கு? புழுக்கமாம். புழுக்கம்!”

“சொல்லியிருந்தா கல்யாணம் போயிருக்கும்.”

“இப்ப இருக்கா?”

எனக்குத் திருகு கைநழுவி விழுந்தது. அது உருண்டு போகும் ஓசை அந்த வீட்டில் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. அப்போதுதான் தம்பி உள்ளறை வாசலில் நிற்பதைப் பார்த்தேன். அவன் குனிந்து திருகை எடுத்து என் கையில் கொடுத்தான்.

“ரெண்டு பேரும் போதும்” என்றான், இழுத்து இழுத்து. “அம்மா சொல்லித்தான் மறைச்சேன்னு இல்லை. அக்கா வச்சதாலதான் விழுந்தேன்னும் இல்லை. அவ என்னைப் பாத்தா. பயமான்னு கேட்டா. இல்லைன்னு சொல்லணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஃபியூஸ் அடுப்பை அணைத்தாள். தட்டில் போட்டதை யாரும் உண்ணவில்லை. நான் கதவை மாட்டிவிட்டு, திறந்து மூடிக் காட்டாமலேயே இறங்கிவிட்டேன்.

ஃபியூஸ் அதன்பிறகு எதுவும் செய்யவில்லை. கேட்டு வந்த இடங்களுக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்காக விளம்பரப் படங்களை வெட்டிக் கொடுத்தாள். சோப்பு, டயர், பற்பசை. அவள் பெட்டிகள் என் பட்டறையில் துணி போர்த்திக் கிடந்தன. கட்டடத்தில் மின்சாரம் போவது நின்றுவிட்டது. நடுமாடிக்காரர் ஒருநாள் பால்கனியிலிருந்து மேலே பார்த்து, என்ன சொல்வதென்று தெரியாமல், “மழை வரும்போல இருக்கு” என்றார். மேலே யாரும் இல்லை.

குளிர் தொடங்கியபோது, ஒரு மத்தியானத்தில், தம்பி படியிறங்கிப் பட்டறைக்கு வந்தான். பின்னாலேயே ஃபியூஸ். மருந்தில் அவன் முகம் ஊதியிருந்தது. பழைய பலகைக் கட்டின்மேல் உட்கார்ந்தான்.

“அக்கா, அதை நான் பாக்கவே இல்லை” என்றான்.

“எதை?”

“நீ செஞ்சதை. உள்ள போன கொஞ்ச நேரத்துல விழுந்துட்டேன். எல்லாரும் பாத்திருக்காங்க. நான் பாக்கலை.”

“வேண்டாம்டா.”

“படம் வேண்டாம். சத்தம் மட்டும் போடு. கேக்குறேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ரம்பத்தை நிறுத்திவிட்டுத் துணியை விலக்கிக் கொடுத்தேன். அவள் கம்பிகளைச் செருகும்போது எது எங்கே போகும் என்று மறந்தவள்போல் தடுமாறினாள். பிறகு ஓசை வந்தது. மரத்தூள் படிந்த அந்தப் பட்டறைக்குள் வடம் முனகியது. கொக்கி ஆடியது. தூரத்தில் ஒரு மணி அடித்து அடித்து நீண்டு, மணியாக இல்லாமல் வேறு ஏதோவாக மாறியது. தம்பியின் வலது கை முழங்காலின்மேல் மெல்ல நகர்ந்தது. விரல்கள் ஒரு பிடியைப் பிடித்திருப்பதுபோல் வளைந்து, முன்னே தள்ளி, பின்னே இழுத்து, நின்று, மறுபடி முன்னே தள்ளின. அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஓசை ஏறிக்கொண்டே போனது. அந்த அமைதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், “நிறுத்துக்கா” என்றான்.

அவள் நிறுத்தினாள்.

“பிடிக்கலையா?”

“நல்லா இருக்கு. அதான் நிறுத்தச் சொன்னேன்.”

வளைந்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். பிறகு எழுந்து, என்னிடம் தலையசைத்துவிட்டு, வெளியே போனான்.

அவள் பெட்டியின்மேல் துணியை இழுத்துப் போர்த்தினாள். ஒரு ஓரம் சரியாக விழவில்லை, அதை நீவிவிட்டாள். மறுபடியும் நீவினாள். மேலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “அவன் தனியா ஏறுறான்டி! எங்க இருக்க?”

அவள் ஓடினாள். வாசலில் நின்று நான் பார்த்தேன். அவன் கைப்பிடிச் சுவரைத் தொடாமல், நிமிர்ந்து, நிதானமாக ஏறிக்கொண்டிருந்தான். அவள் ஒரு படி கீழே, அவன்மேல் பட்டுவிடாமல், இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு, பின்னாலேயே ஏறினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.